ஒன்றரை மணி நேரம் என்றார்கள்

அக்டோபர் 24, 2024, வியாழன்: சென்னை – மத்தள – கட்டுநாயக்க

எனக்கு இது முதல் விமானப் பயணம், முதல் வெளிநாடும்கூட. பந்தலூரிலிருந்து சென்னை வந்து சேரவே பஸ்ஸும் ரயிலுமாக ஒரு முழு நாள் போய்விட்டது. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம்தான். "மதுரைக்குப் போறதைவிடக் கிட்டடா" என்று விடுதிப் பையன்கள் சொல்லி அனுப்பினார்கள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்று மாதம் தேயிலைத் தோட்ட மண்ணைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறேன். அம்மாவும் அப்பாவும் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். அப்பாயி (அப்பாவின் அம்மா) 1973 வரைக்கும் இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் கொழுந்து எடுத்தவர். மூன்று தலைமுறையாக அந்த மண்ணை மிதித்தவர்கள் நாங்கள். சோதனைக் குழாயில் போட்டுப் பார்க்கப் போவது நான் ஒருத்தன்தான்.

விமானத்தில் பக்கத்து இருக்கை அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். காலுக்கடியில் ஒரு பை, மடியில் ஒரு பை, தலைக்கு மேலே இரண்டு. எல்லாம் தி.நகரில் எடுத்த சேலைகள். தீபாவளிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது, ஊரில் கொண்டுபோய் விற்க வேண்டும். கூட வந்த வீட்டுக்காரர் பழனியில் போட்ட மொட்டையோடு ஜன்னலோரம் தூங்கிவிட்டார். "எங்க போறீங்க மகன்?" என்று கேட்டார் அந்த அம்மா. முன்பின் தெரியாத பையனைத் தம்பி என்பதுதான் எங்கள் பக்கத்துப் பழக்கம். இவர் எடுத்த எடுப்பிலேயே மகனாக்கிவிட்டார்.

எட்டு மணிக்கு இறங்கியிருக்க வேண்டும். கொழும்பு விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்கவுக்கு மேலே மின்னல் பளிச் பளிச்சென்று வெட்ட, விமானம் ஒரே இடத்தைச் சுற்ற ஆரம்பித்தது. நான்கு சுற்று வரைக்கும் எண்ணினேன், அதற்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். அப்புறம் விமானி அறிவித்தார்: வானிலை சரியில்லை, மத்தளவுக்குப் போகிறோம். அது அம்பாந்தோட்டைப் பக்கம், நாட்டின் தெற்கு மூலையில் இருக்கிறது. 2013-இல் பெரிதாகத் திறந்த சர்வதேச விமான நிலையம்தான், ஆனால் வந்து போகிற விமானங்கள் அபூர்வம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனக்கு இடி எல்லாம் கட்டுநாயக்கவில் விழுந்தது, மத்தளவில் மழையே இல்லை.

மூன்று மணி நேரத்துக்கு மேல் விமானத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கவில்லை. கொடுத்தது ஒரு பன்னும் அரை டம்ளர் தண்ணீரும். பின்னால் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது, அதைப் பார்த்து இன்னொன்று. கொட்டகலை அம்மா (ஊர் கொட்டகலை என்று அதற்குள் தெரிந்துவிட்டது) சேலைப் பைக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு முறுக்குப் பாக்கெட்டை வெளியே எடுத்தார். முன்னால் மூன்று வரிசை, பின்னால் இரண்டு வரிசைக்கு அது போனது. பதிலுக்கு நானும் ஏதாவது கொடுக்கலாமென்று, பேராசிரியருக்காக வாங்கி வைத்திருந்த ஊட்டி வர்க்கியை எடுத்தேன். ஒரு கிலோ. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். கையை உள்ளே விட்டால் முழு வர்க்கி ஒன்றுகூட அகப்படவில்லை, எல்லாம் தவிடு. அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

கட்டுநாயக்கவில் கால் வைத்தபோது மணி 1.10.

அக்டோபர் 25, வெள்ளி: அவிசாவளை, கித்துல்கல, கொட்டகலை

பேராதனையில் பார்த்து வைத்திருந்த போர்டிங்கில் இரவு பத்து மணிக்கே கதவைச் சாத்திவிடுவார்கள். என் சிம் அங்கே வேலை செய்யவில்லை. பத்தாயிரம் ரூபாயை மாற்றினேன், முப்பத்தைந்தாயிரம் கைக்கு வந்தது. ஒரு நிமிடம் பணக்காரனாக இருந்தேன். அப்புறம் ஒரு தேநீர் குடித்தேன்.

"இந்த நேரத்துல எந்த பஸ்ஸுல போவீங்க? வேன் வந்திருக்கு, வாங்க" என்றார் கொட்டகலை அம்மா. கொட்டகலை எங்கே, பேராதனை எங்கே என்று எனக்கு எந்த யோசனையும் இல்லை. வழியில் இறக்கிவிடுவார்கள் என்று ஏறிவிட்டேன். அவிசாவளை தாண்டிய பிறகுதான் கைபேசியில் சேமித்து வைத்திருந்த வரைபடத்தைப் பார்த்தேன். பேராதனை வேறொரு திசையில் இருந்தது. சொன்னால் மொட்டை ஐயா சிரித்தார். "கோச்சி இருக்குல்ல? ஞாயித்துக்கெழம கோச்சியில ஏத்தி விடுறோம்."

கோச்சி. இந்தச் சொல்லுக்கு ஒரு கதை இருக்கிறது. ஐந்தாம் வகுப்பில் 'நான் போன பயணம்' கட்டுரையில் "கோச்சியில் போனோம்" என்று எழுதினேன். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் கொச்சி என்று திருத்தி, "கேரளாவுக்கா போனீங்க?" என்று பக்கத்தில் எழுதிவிட்டார். அப்பாயி பேசுவதை அப்படியே எழுதியது என் தப்பு. ரயிலைக் கோச்சி என்று சொல்கிற ஒரே ஆள் உலகத்தில் எங்கள் அப்பாயிதான் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். இதோ, காலை நான்கு மணிக்கு, பழனி மொட்டை போட்ட ஒருவர் சாதாரணமாகச் சொல்கிறார்.

கித்துல்கலவில் ஒரு கடை திறந்திருந்தது. இஞ்சி போட்ட பிளேன்டீ கண்ணாடி டம்ளரில் வந்தது, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துல் கருப்பட்டி. கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், மீன் பணிஸ், உளுந்து வடை, முக்கோண முட்டை ரொட்டி எல்லாம் கொண்டுவந்து வைத்தார்கள். ஆளுக்கொரு தட்டு போலிருக்கிறது, மீதி வைத்தால் மரியாதையாக இருக்காது என்று நானும் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். ஆறாவதைத் திணறிக்கொண்டிருக்கும்போது டிரைவர் மெதுவாகச் சொன்னார்: தட்டு மேசைக்குப் பொது, தின்றதை எண்ணித்தான் காசு, மிச்சம் உள்ளே போய்விடும். என் கணக்கு மட்டும் 680 ரூபாய். அம்மா என்னைக் காசு கொடுக்க விடவில்லை. "பசிச்ச புள்ள" என்று கடைக்காரரிடம் சிங்களத்தில் சொன்னார் என்று நினைக்கிறேன். அவர் என்னைப் பார்த்த பார்வை அப்படித்தான் இருந்தது.

கினிகத்தேனையில் ஏறும்போது மழை பிடித்துக்கொண்டது. வளைவுக்கு வளைவு மண்சரிவு எச்சரிக்கைப் பலகை. நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கான சுவரொட்டிகள் நனைந்து தொங்கின. ஹட்டன் தாண்டி வெளிச்சம் வந்தபோது இரண்டு பக்கமும் தேயிலை. எங்கள் ஊர்தான், ஒரே வித்தியாசம் பலகையில் சிங்களம்.

வீடு ஒரு பழைய லயத்தின் கோடியில் இருந்தது. வரிசையாகப் பன்னிரண்டு வீடுகள், ஒரே தகரக் கூரை. காற்றுக்குப் பறக்காமலிருக்க அதன் மேலே பழைய டயரும் கல்லும் ஏற்றி வைத்திருந்தார்கள். முன்னால் இஸ்தோப்பு, உள்ளே காம்பரா, அதற்குப் பின்னால் மகன் புதிதாக இழுத்துக் கட்டிய சமையல்கட்டு. இஸ்தோப்பு என்பது திண்ணை, காம்பரா என்பது அறை. இதையெல்லாம் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பந்தலூரில் அப்பாயி இன்றைக்கும் "செருப்ப இஸ்தோப்புல விடு" என்றுதான் சொல்வார். கூட்டாளிகள் வீட்டுக்கு வரும்போது அந்தச் சொல் அவர்கள் காதில் விழக்கூடாதே என்று நான் சத்தமாகப் பேசியிருக்கிறேன்.

பகல் முழுக்கத் தூங்கினேன். சாயங்காலம் எழுந்தபோது மருமகள் மலையிலிருந்து வந்திருந்தார். (மலை என்றால் வேலை. "மலைக்குப் போயிருக்கா" என்றால் கொழுந்தெடுக்கப் போயிருக்கிறாள்.) இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்து உதறினார், இரண்டு அட்டைப்பூச்சிகள் விழுந்தன. போன மாதம் நாட்கூலி 1,350 ரூபாயாக ஏறியிருக்கிறது. நம் காசுக்கு 385 சொச்சம். பந்தலூரில் என் அம்மா வாங்குவதைவிடக் குறைவு. அதுவும் அவருடைய தோட்டத்தில் இருபது கிலோ எடுத்தால்தான் முழுப் பேர் (முழு நாள் கூலி), குறைந்தால் அரைப்பேர். இன்றைக்குப் பதினெட்டு. மழை. "ரெண்டு கிலோவுக்கு அரைநாள் போச்சு" என்றார். தலையைத் துவட்டிக்கொண்டே அடுப்பில் ரொட்டிக்கல்லை வைத்தார்.

ரொட்டி கோதுமை மாவில், கை நிறையத் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்தது. சப்பாத்தி மாதிரி மெல்லிசு இல்லை, என் சுண்டுவிரல் தடிமன் இருக்கும். கையால் தட்டிக் கல்லில் போட்டு, அங்கங்கே கருகும்வரை விட்டு, கடைசியில் ஒரு நிமிடம் நேராகத் தணலில் காட்டி எடுக்கிறார். தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல்: காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் மாசிக் கருவாடும் உப்பும் அம்மியில் வைத்துத் தட்டி, எலுமிச்சை பிழிந்தது. அரைக்கக்கூடாது, தட்டத்தான் வேண்டும் என்று அதில் கண்டிப்பாக இருந்தார். முதல் வாயிலேயே எனக்குக் காதுக்குள் விசில் அடித்தது. எங்கள் வீட்டிலும் இதே சம்பல்தான், மாசி மட்டும் கிடைக்காது. அப்பாயி நெத்திலியைப் போட்டுவிட்டு, "இது அது இல்ல" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஏழாயிரம் தடவை கேட்டிருப்பேன். எது 'அது' என்று இன்றைக்குத்தான் நாக்குக்குத் தெரிந்தது.

வர்க்கித் தவிட்டைப் பற்றிச் சொல்லிவிட்டேன். பேரப்பிள்ளைகள் மூவரும் தேத்தண்ணியில் கொட்டிக் கரண்டியால் அள்ளித் தின்று தீர்த்தார்கள். பேராசிரியருக்கு இனி வேறு ஏதாவது பார்க்க வேண்டும்.

இரவு தகரத்தில் மழை. இரண்டு கம்பளி. பக்கத்து வீட்டு இருமல், அதற்கடுத்த வீட்டு டிவி, அதற்கும் அடுத்த வீட்டில் தீபாவளி முற்பணத்தைப் பற்றி ஒரு சண்டை, எல்லாம் சுவர் தாண்டி வந்தன. வெளிநாட்டில் முதல் இரவு தனியாக, பயமாக இருக்கும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். தனியாக இருக்க இங்கே வசதியே இல்லை.

அக்டோபர் 26, சனி: தலவாக்கலை

அப்பாயியின் தோட்டத்தைப் பார்க்கப் போனேன். தோட்டத்தின் பெயரைச் சொன்னதுமே ஐயா, தலவாக்கலை பஸ்ஸில் ஏறி எங்கே இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று சிகரெட் அட்டையில் படம் போட்டுக் கொடுத்தார். வழியில் டெவோன் அருவியும் சென்கிளேயர் அருவியும் தெரியுமாம். நான் பார்த்தது பனி மட்டும். முச்சக்கர வண்டிக்கு 600 ரூபாய்.

அப்பாயியின் லயம் இல்லை. அந்த இடத்தில் சிமெண்ட் வீடுகள் சில இருந்தன, அவற்றில் இருந்தவர்கள் வேறு டிவிசனிலிருந்து வந்தவர்கள். யாருக்கும் யாரையும் தெரியவில்லை. ஐம்பத்தோரு வருடம் ஆகிவிட்டது, தெரிந்தால்தான் அதிசயம். ஆனால் அப்பாயி கிளம்பும்போது என்னிடம் கேட்டுக்கொண்டது லயத்தைப் பற்றி இல்லை. "பீலிக்கரை இருக்கான்னு பாத்துட்டு வா" என்பதுதான். பீலி என்றால் மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீரைக் குழாய் வைத்து விழவிடும் இடம். குடிக்க, குளிக்க, துவைக்க, ஊர்க்கதை பேச, எல்லாவற்றுக்கும் அதுதான்.

பீலி இருந்தது. பாசி பிடித்த கல், ஒரு இரும்புக் குழாய், கை தடிமனுக்குத் தண்ணீர். நான் சந்தோஷத்தில் கைபேசியை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தேன். யார் அங்கே இருக்கிறார்கள் என்று பார்க்கவே இல்லை. பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "டேய்! பொம்பளைங்க குளிக்கிற எடத்துல என்னாடா படம் புடிக்கிற?"

ஒரு அக்கா, தலை நிறையச் சோப்பு நுரையோடு. கையில் துணி அடிக்கிற கட்டை. நான் திரும்பி நின்று, முதுகைக் காட்டிக்கொண்டே, படத்தை எல்லாம் அழித்துவிட்டேன் என்று சொல்லி, அப்பாயி, 1973, பந்தலூர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். கொஞ்ச நேரம் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. "இந்தியாவுல இப்பிடித்தான் படிப்பிக்கிறாங்களா?" என்று கேட்டுவிட்டு, "சரி, கெழவிகிட்ட சொல்லு, தண்ணி முந்தி மாதிரி இல்ல, வெயில் காலத்துல நின்னுருதுன்னு" என்றார். அவர் போன பிறகு திரும்ப வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதியும் கிடைத்தது.

முக்கால் மணி நேரம் தேயிலைச் செடிக்கு நடுவில் நனைந்தபடி காத்திருந்தேன். அப்புறம் போய் வீடியோ அழைப்பில் அப்பாயிக்குக் காட்டினேன். அழுவார் என்று நினைத்து நானே தொண்டையைச் சரி செய்துகொண்டேன். அப்பாயி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கைபேசியை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"இது கீழ்ப்பீலிடா. நம்மது மேல்பீலி."

சிக்னல் போய்விட்டது. மேலே ஏறலாமென்றால் மழை வலுத்துவிட்டது. சாக்ஸுக்குள் நான்கு அட்டைகள் இருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். மருமகள் உப்பைத் தூவி எடுத்துவிட்டார். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தேயிலைத் தோட்டத்துப் பையன், சாக்ஸுக்கு மேலே சோப்புத் தேய்த்துக்கொண்டு போகத் தெரியவில்லை. படித்துவிட்டால் அப்படித்தான்.

அக்டோபர் 27, ஞாயிறு: கோச்சி

கொட்டகலை ஸ்டேஷன் பலகையில் 'புகையிரத நிலையம்'. பேச்சில் கோச்சி, எழுத்தில் புகையிரதம், ரயில் என்று எங்கேயும் இல்லை. கோச்சி ஒரு மணி நேரம் தாமதம், அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

உட்கார இடமில்லை. வாசல்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள் கையில். ஒரு பெண் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே தொங்க, கூட வந்தவன் படம் எடுத்தான். சிங்கமலைச் சுரங்கம் வந்ததும் இருட்டில் எல்லோரும் ஊளையிட்டார்கள். பெரியவர்களும்தான். நானும்தான். கூட்டத்துக்குள் இறால் வடைக்காரர் எப்படி நுழைந்தார் என்று தெரியவில்லை, மூன்று வடை 200 ரூபாய்க்கு, வெங்காயமும் மிளகாயும் தூவிப் பொட்டலமாகக் கொடுத்தார். பொட்டலம் ஏதோ ஒரு பிள்ளையின் கணக்கு நோட்டுத் தாள். பத்துக்கு ஏழு.

இதே தண்டவாளத்தில்தான் அப்பாயியின் குடும்பமும் இறங்கிப் போயிருக்கிறது. தலைமன்னார் வரைக்கும் கோச்சி, அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அதற்கு அப்பாயி வைத்திருக்கும் பெயர் அழுகைக் கோச்சி. பிளாட்பாரத்தில் நிற்பவர்களும் அழ, ஏறியவர்களும் அழ, வண்டி நகரவே முடியாதாம். நாவலப்பிட்டிக்கு அப்புறம் எனக்கு இடம் கிடைத்தது, தூங்கிவிட்டேன். பேராதனையில் எழுப்பிவிட்டது யாரென்று பார்ப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

போர்டிங் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. இங்கிலீஷ் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய அதே அளவு. பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "சீனி?" என்று கேட்டார். தலையாட்டினேன். அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கொசுவர்த்தி. சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருமவில்லை. வந்து மூன்று நாள் ஆன பிறகு, இன்றைக்குத்தான் தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 29, செவ்வாய்: பேராதனை

இரண்டு நாளாகப் படிவங்கள், கையெழுத்துகள். ஆய்வகம் நன்றாக இருக்கிறது, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சாயங்காலம் தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். 1824-இல் சீனாவிலிருந்து வந்த தேயிலைச் செடியை முதன்முதலில் இங்கேதான் நட்டார்கள். 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தோட்டமாகப் போட்டது அதற்கப்புறம்தான். எங்கள் குடும்பக் கதையின் தொடக்கப்புள்ளி என்று வைத்துக்கொண்டால், பார்க்காமல் இருக்க முடியாது. டிக்கெட் கவுண்டரில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்குப் பத்து மடங்குக்கும் மேல். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் கண்டித் தமிழர்கள், நானும் அவர்களைப் போலத்தான் இருந்தேன். என் முறை வந்ததும் "எத்தனை ரூபாய்?" என்று கேட்டேன். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "இந்தியாவா?" என்றார் தமிழில். இங்கே ரூபாய் இல்லை, ரூபா. ஒரு ய் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. வெளியே வந்து அவித்த சோளம் தின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன். செடி எங்கேயும் போகாது.

அக்டோபர் 30, புதன்: மறுபடியும் கொட்டகலை

நாளைக்குத் தீபாவளி, லீவு. நேற்றிரவே கொட்டகலை அம்மா போன் செய்து, "என்னா மகன், தனியா கெடந்து என்னா செய்யப் போறீங்க?" என்றார். மத்தியானம் ஹட்டன் பஸ்ஸைப் பிடித்தேன்.

பஸ்ஸில் செலவு நோட்டில் தேதியைப் போடும்போதுதான் உறைத்தது. 1964 அக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது இதே நாளில்தான். சரியாக அறுபது வருடம். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிரித்தார்கள். கொழுந்து மூட்டைக்குக்கூட எடைபோடும்போது இதைவிட நுணுக்கமாகக் கணக்குப் பார்ப்பார்கள். அந்த ஐந்தேகால் லட்சத்தில் அப்பாயி ஒன்று. பந்தலூரில் இன்றைக்கும் நாங்கள் சிலோன்காரர்கள். இங்கே லயத்துப் பிள்ளைகள் என்னைக் கூப்பிடுவது 'இந்தியா மாமா'. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் இன்றைக்கு என்ன நாள் தெரியுமா என்று கேட்டேன். "தீபாவளிக்கு மொத நாள்" என்றார். அதுவும் சரிதான்.

லயம் முழுக்க எண்ணெய் வாசனை. சேலைகள் எல்லாம் விற்றுப்போய், இரண்டு மட்டும் மிச்சம், அவை மருமகளுக்கும் அம்மாவுக்கும். என் கையில் கண்டியில் வாங்கிய கேக் பெட்டி. இந்தத் தடவை நொறுங்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

அப்பாயியை அழைத்து, மேல்பீலிக்கு நாளைக்குப் போகிறேன் என்று சொல்லலாமென்று போட்டால், கொட்டகலை அம்மா கைபேசியை வாங்கிக்கொண்டார். முதலில் எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்தக் கங்காணி என்று விசாரணை. அப்புறம் யாருக்கு யார் சொந்தம். பொதுவாக ஒருத்தரும் அகப்படவில்லை, அதற்காக இரண்டு பேரும் நிறுத்தவில்லை. நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து தேங்காய் துருவினேன். நாற்பது நிமிடம் கழித்து என் டேட்டா தீர்ந்து அழைப்பு அறுந்தபோது, கட்டச் சம்பலுக்கு நெத்திலி போடலாமா கூடாதா என்பதில் இருவருக்கும் சண்டை பாதியில் நின்றிருந்தது.

"ரீலோட் போடுங்க மகன்" என்றார் அம்மா, கைபேசியை என் பக்கம் நீட்டி. "நான் இன்னும் முடிக்கல்ல."